அண்ணன் பரிசாகக் கொடுத்த மெம்பர்ஷிப்

எங்கள் தாதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி எனக்கு நேரம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். கேட்டது ஒரு இளம் நர்ஸ். "அன்ரி, கொஞ்சம் உற்சாகமா எழுதுங்கோ. புதுசா வேலைக்கு வாற பிள்ளையள் வாசிக்கிறதெல்லே" என்றாள். உற்சாகமாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருக்கிறதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விடுங்கள்.

இப்போது லண்டனில் எங்கள் சனம் கூடுகிற இடமெல்லாம் ஒரே பேச்சு. ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வெளியே பிள்ளைக்காகக் காத்து நிற்கிறவர்கள்கூட, "நீங்கள் எதில மெம்பர்?" என்று கேட்கிறார்கள். ஜிம்மில் சேர்வது போல மாதச் சந்தா கட்டி ஒரு குடும்ப டாக்டரிடம் சேர்கிறார்கள். ஜீ.பி. சேர்ஜரி என்கிற அரசாங்கக் குடும்ப டாக்டரின் இடத்துக்குக் காலையில் போன் அடித்து அடித்துக் களைத்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இப்படியான கிளினிக்கில் போன் அடித்தால் எடுப்பார்கள். ஒரே டாக்டர்தான் எப்போதும் பார்ப்பார். உங்கள் பெயரும், உங்கள் வருத்தமும் அதற்குத் தந்த மருந்தும் அவருக்கு நினைவில் இருக்கும்.

நான் கடைசியாக வேலை செய்தது அப்படி ஒரு இடத்தில். அங்கே ஒரு பெண்பிள்ளைக்கு யாருக்கும் கிடைக்காத கவனிப்புக் கிடைத்தது. அதே வருத்தம் இருந்த அவளுடைய சித்தப்பாவின் மகன் செத்துப்போனான். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வாசிக்கிற சில குடும்பங்கள் இது தங்களைப் பற்றியது என்று நினைக்கக்கூடும். நினைக்கட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சண்டைக் காலத்தில் வந்தேன். குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தில் வரிசையில் நின்று விசா எடுத்தேன். முதியோர் இல்லத்தில் துடைத்துக் கழுவி, பிறகு படித்து நர்ஸ் ஆனேன். இருதய வார்ட்டில் பல வருடம். முழங்கால் விட்டுப்போனதால் வட லண்டன் எட்மண்டனில் ஒரு ஜீ.பி. சேர்ஜரிக்கு மாறினேன். அங்கே ஒருவருக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் எங்கள் சனம் தங்கள் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கவே மாட்டார்கள். முதலில் குளிர் பற்றிப் பேசுவார்கள். வாசலில் கால் வைத்தபிறகுதான், "மற்றது, நெஞ்சுக்குள்ள ஒரு நோ" என்று வலியைச் சொல்வார்கள். அடுத்த ஆள் உள்ளே வந்துவிடும். எனக்கு வெறுத்துப்போய்த்தான் மெம்பர்ஷிப் கிளினிக்கில் சேர்ந்தேன். நகரத்தின் நடுவில், நல்ல கம்பளம் விரித்த ஒரு பழைய வீடு அது.

அதை நடத்தியவர் டாக்டர் கோபால். மதுரைப் பக்கத்துக்காரர். நான் வேலை செய்த டாக்டர்களில் இவரைப் போல நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார மாட்டார். கதிரையை இழுத்துக்கொண்டு போய் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காருவார். தொடுவதற்கு முன் வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்துச் சூடாக்குவார். கணினித் திரையை மூடிவிட்டுத்தான் பேசுவார். அவர்கள் பேசி முடியும் வரை ஒரு சொல்லும் குறுக்கே போட மாட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் உண்மை வெளியே வரும். அதை அவரிடம்தான் கற்றேன்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. யாருக்கும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. "பார்ப்போம்" என்பார். மெம்பர் கோபித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்ற பயம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அவர் அதை மரியாதை என்று நினைத்தார்.

சிவநேசன் குடும்பம் ஹரோவில் இருந்தது. அவர் கணக்காளர், வசதியான ஆள். மகள் ஆரணி பார்மசி படித்து முடிக்கிற நேரம். வீட்டுக்குப் பக்கத்தில் இதே போலக் கிளினிக்குகள் இருக்க, இவ்வளவு தூரம் ஏன் ரயில் ஏறி வந்தார்கள் என்று முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. கதவைத் திறந்து நான் தமிழில் வாங்கோ என்றதும் அந்த மனிதரின் முகம் செத்துப்போயிற்று.

"அக்கா எந்த ஊர்?"

எங்கள் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்விதான். வழக்கமாக அதற்குப் பிறகு சிரிப்பு வரும், யாரைத் தெரியும் என்ற பேச்சு வரும். இவர் கேட்டது வேறு விதம். நான் ஊரைச் சொன்னேன். அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார்.

"அப்ப எங்கட பக்கத்து ஆக்களைத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சாலும் இஞ்ச வாறவையைப் பற்றி நான் வெளியில கதைக்கிறேல்ல. கதைச்சால் என்ர நர்ஸ் பதிவு போயிடும்."

"டொக்டர் இந்தியாக்காரர் எண்டுதான் இஞ்ச வந்தனாங்கள்" என்றார். சொன்ன பிறகு, சொன்னதற்கு வெட்கப்பட்டார்.

ஆரணிக்குத் தோள் மூட்டு அடிக்கடி கழன்றது. பார்வை மங்கியது. ஆள் நல்ல உயரம், மெல்லிசு. விரல்கள் நீளம். டாக்டர் அவளுடைய கையைப் பிடித்து வெகு நேரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அளக்கும் நாடாவை எடுத்தேன்.

இதை எப்படிப் பார்ப்பது என்று இளம் நர்ஸ்களுக்காக எழுதுகிறேன். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறுகிறதா என்று பாருங்கள். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மற்ற விரல்களால் மூடச் சொல்லுங்கள். அந்தப் பெருவிரலின் நுனி மறுபக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சுவரோடு நிற்க வைத்துக் கைகளை விரிக்கச் செய்து அளவெடுங்கள். விரித்த கை உயரத்தை விட நீளமாக இருக்கிறதா? நெஞ்செலும்பு உள்ளே குழிந்தோ வெளியே தள்ளியோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாகப் பொருள் இல்லை. எல்லாம் சேர்ந்து இருந்தால் எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஆரணிக்கு எல்லாம் இருந்தது. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னன. மார்ஃபான் என்ற பரம்பரை வருத்தம். உடம்பின் பாகங்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிற இணைப்புத் திசு பிறப்பிலேயே பலம் குறைவு. மூட்டுக் கழல்வதும் கண் மங்குவதும் சின்ன விஷயம். இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரும் அதே திசுவால் ஆனது. அது மெல்ல மெல்ல விரிந்து ஒருநாள் கிழிந்தால் ஆள் போய்விடும். முதலே தெரிந்தால் மருந்து கொடுக்கலாம், அளந்து பார்க்கலாம், கிழிவதற்கு முன் ஒப்பரேஷன் செய்யலாம். தெரிந்தால் வாழலாம். இந்த வருத்தத்தில் எல்லாமே தெரிவதில்தான் இருக்கிறது.

முடிவு வருவதற்கு முன்பே ஒரு நாள் டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படி உயரமா சார்?"

சிவநேசனுக்குப் பெருமை வந்துவிட்டது. "ஓம் டொக்டர். நாங்கள் எல்லாரும் உயரம். எட்மண்டனில இருக்கிற என்ர தம்பி என்னை விட உயரம். தம்பியின்ர பெடியனைப் பாக்கோணும் நீங்கள். வாசல்ல குனிஞ்சுதான் வருவான். வேகப்பந்து போடுறவன். கனடாவில தங்கச்சியின்ர பிள்ளையளும் அப்பிடித்தான்."

"உங்க அப்பா?"

"அப்பா நாப்பது வயசில போயிட்டார். சைக்கிளில போகேக்க நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தவர்."

சிவநேசனையும் சுவரோடு நிற்க வைத்து அளந்தோம். அவருக்கும் இருந்தது, கொஞ்சம் லேசாக. அப்படியென்றால் அது அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. தம்பிக்கும் தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் அப்படியே. முடிவு வந்ததும் டாக்டர் தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். தம்பி வீட்டாரும் தங்கை வீட்டாரும் உடனே சோதிக்க வேண்டும் என்றார். சிவநேசன் அந்தப் படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"டொக்டர், ஆரணிக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. ஆவணியில எழுத்தும் தாலிகட்டும். தம்பிக்குச் சொன்னால் அவன்ர மனிசிக்குத் தெரியும். அவவுக்குத் தெரிஞ்சால் லண்டன் முழுக்கத் தெரியும். கலியாணம் முடியட்டும், நானே சொல்லுறன்."

"பார்ப்போம்" என்றார் டாக்டர்.

எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. அவர்கள் போனபிறகு கேட்டேன். "என்னத்தைப் பாக்கிறது டொக்டர்? அந்தப் பெடியன் வேகப்பந்து போடுறான் எண்டு அவரே சொல்லுறார்."

"சிஸ்டர், நமக்கு நோயாளி அந்தப் பையன் இல்ல. சட்டப்படி கடைசிக் கட்டத்துல நாமளே சொல்ல இடம் இருக்கு. ஆனா முதல்ல இவரைச் சம்மதிக்க வைக்கணும். நம்பி வந்திருக்காரு."

"நம்பி வரேல்ல. ஒளிக்க வந்திருக்கிறார். அதுக்குத்தான் காசு கட்டுறார்."

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல" என்றார். மெல்லத்தான் சொன்னார். அவர் எப்போதும் மெல்லத்தான் சொல்வார்.

ஆரணியை நாங்கள் பார்த்தது போல யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள். இரத்த அழுத்தக் குளிசையைச் சிறிய அளவில் தொடங்கி, தலைச்சுற்று வருகிறதா என்று தினமும் நான் போனில் கேட்டேன். இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தோம். எக்கோ ஸ்கேன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் எடுக்க டாக்டர் ஏற்பாடு செய்தார். அளக்கிற கை மாறினால் அளவு மாறும், வளர்ந்ததா இல்லையா என்று தெரியாது. கண் டாக்டர், மூட்டுக்குப் பயிற்சி கொடுப்பவர் எல்லாரிடமும் அவரே பேசினார். பாரம் தூக்காதே, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தள்ளாதே என்று சொல்லிக் கொடுத்தோம். அவளைக் கட்டப்போகிறவனுக்கு இதைச் சொல்லவேண்டும், பிள்ளை பெறுவதற்கு முன் எங்களிடம் வரவேண்டும் என்றும் சொன்னோம். அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தாள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அவசரப் பிரிவில் என்ன சொல்வது என்பது. நெஞ்சு நோகுது, முதுகு நோகுது என்று சொன்னால் இளம்பிள்ளையை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். அதனால் நான் ஆரணியை எனக்கு முன்னால் நிற்க வைத்துச் சொல்லப் பழக்கினேன். எனக்கு மார்ஃபான் இருக்கிறது, என் பெருநாடி கிழிந்திருக்கலாம், உடனே சி.டி. ஸ்கேன் எடுங்கள். ஆங்கிலத்தில், தயங்காமல், எடுத்த எடுப்பிலேயே. வெட்கப்பட்டுச் சிரித்தாள். திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

ஒரு நாள் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள். "அன்ரி, சித்தப்பாவின்ர நிரோஷனுக்கு இது தெரியாதே. He's like my brother. நான் சொல்லட்டே?"

"சொல்லு. உன்ர வருத்தம், உன்ர வாய். உன்னை ஒருத்தரும் தடுக்கேலாது."

"அப்பா என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் வாங்கினவர்."

"அப்ப டொக்டரிட்டச் சொல்லு, நிரோஷனுக்குச் சொல்ல எனக்குச் சம்மதம், அப்பாவோட நீங்கள் கதையுங்கோ எண்டு."

"டொக்டர் பாப்பம் எண்டுதானே சொல்லுவார்" என்றாள். அந்தச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருந்தது.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. அதையும் எழுதவேண்டும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சிவநேசனின் தம்பிக்கும் மனைவி ரஞ்சினிக்கும் கல்யாண வெள்ளிவிழா வந்தது. அதற்குப் பரிசாக, தம்பி குடும்பத்துக்கு எங்கள் கிளினிக்கில் நாலு பேருக்கான ஒரு வருட மெம்பர்ஷிப் கொடுங்கள் என்று சிவநேசனிடம் சொன்னார். அப்பா, அம்மா, மகன், மகள். முழு உடம்புச் சோதனை என்று வருவார்கள். டாக்டர் பெடியனின் கையைப் பார்ப்பார், தானே கண்டுபிடிப்பார். அண்ணன் சொன்னதாக இருக்காது. ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை.

சிவநேசன் அழுதுவிட்டார். "உங்களைக் கடவுள் மாதிரி நினைக்கிறன் டொக்டர்" என்றார். நானும் அன்றைக்கு நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்லாமல் உயிரைக் காப்பாற்றலாம் என்று படித்த மூன்று பேர் நம்பினோம்.

பரிசு அழகான உறையில் போயிற்று. நான் நிரோஷனுக்காக நாடாவை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் அப்பொயின்ட்மென்ட் நாள் கதவைத் திறந்தால், வெளியே ஊன்றுகோலோடு ஒரு பருத்த மனிதர் நிற்கிறார். கையில் குளிசைப் பை.

"நான் ரஞ்சினியின்ர அண்ணை. அவையோடதான் இருக்கிறன், நானும் மனிசியும். எங்கட பேரைத்தான் குடுத்தவ. எனக்குச் சுகர், பிரஷர், முழங்கால், எல்லாம் இருக்கு. இல்லாதது எண்டால் காசுதான்." அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். "நல்ல ஆஸ்பத்திரி. கோப்பி மெசின் எல்லாம் இருக்கு."

"நிரோஷன் வரேல்லையோ?"

"அவனுக்கு என்ன, பிள்ளை? குதிரை மாதிரி நிக்கிறான். சுகமா இருக்கிறவங்களுக்கு இதைக் குடுத்து என்ன பிரயோசனம்? ரஞ்சினி நல்ல மனம். பிள்ளையளின்ர இடத்தை எங்களுக்குத் தந்திட்டாள்."

யாரைக் குறை சொல்வது? அவள் செய்தது எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். கிடைத்ததை வீட்டில் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் கொடுப்பாள். காரணம் சொல்லாமல் கொடுத்த பரிசு அது. அவளுக்கு எப்படித் தெரியும்?

ரஞ்சினியும் ஒரு நாள் வந்தாள். குள்ளமான, சிரித்த முகம். ஒரு வருத்தமும் இல்லை. அவளுடைய புருஷன் இரண்டு முறை நாள் எடுத்து இரண்டு முறையும் வரவில்லை. கடையைப் பார்க்க ஆள் இல்லையாம். மெம்பர்ஷிப் பற்றி அந்த வீட்டில் நடந்த கதையையும் அவளே சொன்னாள். "அவருக்கு விருப்பமில்லை அக்கா. தன்ர அண்ணை பவிசைக் காட்டுறார் எண்டு நிக்கிறார். நான்தான், தந்ததை ஏன் வீணாக்குவான் எண்டு வந்தன்."

இரத்தம் எடுத்துக்கொண்டே சொன்னேன். "பிள்ளையளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாலு பேருக்குத்தான் எண்டில்லை, டொக்டரிட்ட நான் கேக்கிறன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் கேக்கிறியள் அக்கா? என்ர பிள்ளையளுக்கு என்ன குறை?"

"சும்மா. உயரமான பிள்ளையளுக்கு இருதயத்தை ஒருக்காப் பாக்கிறது நல்லது."

"அவன் உயரம் எண்டு எல்லாரும் கண்ணூறு போடுறியள்" என்று சிரித்தாள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல அனுமதி இல்லை.

அன்று மாலையே டாக்டரின் அறைக்குப் போனேன். இனிப் பரிசு, சோதனை என்ற விளையாட்டு வேண்டாம், நேரே சொல்லுங்கள் என்றேன். அவர் சட்ட ஆலோசனைக்குப் போன் பண்ணினார். ஆபத்துப் பெரிது என்றால் சொல்லலாம், சிவநேசனுக்கு முதலில் அறிவித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. சிவநேசனைக் கூப்பிட்டார். சிவநேசன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மண்டபம் எடுத்தாயிற்று, ஆவணிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். டாக்டர் யோசித்தார். "சரி, கல்யாணம் முடிஞ்ச மறுநாள். அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல" என்றார்.

ஆவணி வருவதற்கு முன்னமே நிரோஷன் போய்விட்டான்.

கடைக்கு அரிசி மூட்டை இறக்கும்போது முதுகில் பிடித்ததாம். நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போவது போல இருந்தது என்று சொன்னானாம். மாமாக்காரர் தைலம் பூசிவிட்டு, "நாரிப்பிடிப்பு, சுளுக்குத்தான், படுத்தெழும்பினால் சரி" என்றாராம். நோ தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போனான். மூட்டை தூக்கியபோது முதுகு பிடித்துவிட்டது என்று சொன்னான். அவன் அறிந்தது அவ்வளவுதான். இளம் பெடியன், விளையாட்டுக்காரன், பாரம் தூக்கியிருக்கிறான். அவனுடைய கைகளை யாரும் பார்க்கவில்லை. நோக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். விடிய ரஞ்சினி தேத்தண்ணி கொண்டுபோனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

நான் பழக்கிக் கொடுத்த அந்த மூன்று வசனங்கள் ஹரோவில் ஒரு பிள்ளையின் வாயில் இருந்தன. எட்மண்டனில் தேவைப்பட்ட பிள்ளையின் வாயில் இல்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. சிவநேசன்தான் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார். வந்தவர்களை இருத்தினார், ஐயருக்குச் சொன்னார், தம்பியைத் தாங்கிப் பிடித்தார். என்னைக் கண்டதும் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். ஆரணி ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்து நின்றாள். நான் பக்கத்தில் போனேன். "Don't, அன்ரி" என்றாள். அவ்வளவுதான். கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப் போட்டார்கள். அதன் பிறகு நடந்ததா என்று தெரியாது. ஆரணி எங்கள் மெம்பர்ஷிப்பை நிறுத்திவிட்டாள். வேறு எங்கே ஸ்கேன் எடுக்கிறாள், எடுக்கிறாளா, அதுவும் தெரியாது. நாங்கள் போன் அடித்தால் எடுக்கவில்லை. சந்தா நின்றால் எங்களுக்கு அவள் யாரோ. கிளினிக்கின் முறை அது.

டாக்டர் கோபால் அந்த மாதம் முழுக்க என்னுடன் தேவைக்கு மேல் பேசவில்லை. ஒரு நாள் கை கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தாமலே, "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் சிஸ்டர்" என்றார். ஓம் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் இல்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ரஞ்சினி வந்தாள். கூட மகள் தர்சிகா. அந்த வருட மெம்பர்ஷிப் இன்னும் முடியவில்லை. பிரேதப் பரிசோதனையில் பெருநாடி கிழிந்தது என்று வந்துவிட்டது. இது பரம்பரையாக இருக்கலாம், தகப்பனையும் கூடப்பிறந்தவளையும் சோதிக்கவேண்டும் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளும் கொடுத்திருந்தார்கள். அங்கே போகாமல் இங்கே வந்திருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ரஞ்சினியின் சிநேகிதி ஒருத்தி வேலை செய்கிறாளாம்.

தர்சிகாவைச் சுவரோடு நிற்க வைத்தேன். கைகளை விரித்தாள். நாடா போதாமல் நான் இரண்டு தரம் வைத்து அளக்க வேண்டியிருந்தது. பிறகு மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன். பெருவிரல் சுண்டுவிரலின் மேல் ஏறி நின்றது. நான் முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்ளப் பழகியவள். ரஞ்சினி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். எங்களை அளக்கிற மாதிரி முதலும் ஆரையோ அளந்திருக்கிறியள், என்ன? பெரியத்தான், இவளின்ர பெரியப்பா, எங்களுக்கு ஏன் இதைத் தந்தவர்?"

நான் நாடாவைச் சுருட்டினேன்.

"அண்டைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டனீங்கள். ஏன் எண்டு நான் கேட்டன். சும்மா எண்டு சொன்னனீங்கள்."

பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் நர்ஸ். சிவநேசனுடைய வருத்தம் சிவநேசனுடையது, அவர் சம்மதிக்காமல் அவருடைய தம்பி மனைவியிடம் நான் வாய் திறக்கக்கூடாது. பிள்ளையைச் சாகக் கொடுத்தவள் முன்னால் நின்றாலும் கூடாது.

அவள் அழவில்லை. "விளங்குது" என்றாள்.

"அம்மா, விடுங்கோ" என்றாள் தர்சிகா.

ஸ்கேன் முடிவு வந்தது. தர்சிகாவின் பெருநாடி ஏற்கெனவே விரிந்திருந்தது. டாக்டர் இந்த முறை மெல்லப் பேசவில்லை. ஒப்பரேஷன் தேவைப்படும், நாள் கடத்தக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும், தகப்பன் நாளைக்கே சோதிக்க வரவேண்டும், கடை பூட்டிக் கிடக்கட்டும் என்றார். கனடாவில் இருக்கும் நாத்தனாருக்கும் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றார். ரஞ்சினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுதித் தந்ததையெல்லாம் கைப்பைக்குள் கவனமாக வைத்தாள்.

நான் வாசல் வரை போனேன். தர்சிகா முன்னுக்கு இறங்கித் தெருவில் நின்றாள். ரஞ்சினி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இவளுக்குக் கலியாணத்துக்கு ஒரு இடம் சரிவாற மாதிரி இருக்கு. இஞ்ச வந்தது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நாங்கள் ஒப்பரேஷனை எப்பிடியாவது செய்விச்சுப் போடுவம்."

"கனடாப் பிள்ளையள்?"

அவள் தெருவில் நின்ற தர்சிகாவைப் பார்த்தாள்.

"மூத்தவளுக்குத் தை பிறக்கக் கலியாணம். அவள் எனக்குப் போன் எடுத்து, மாமி, தம்பி போன துக்கம் இருந்தாலும் நீங்கள் கட்டாயம் வரோணும் எண்டு அழுதவள். இந்த நேரத்தில நான் என்னெண்டு சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ."

நான் சொன்னேன். "உங்கட பிள்ளையின்ர பேரைச் சொல்லிச் சொல்லுங்கோ. நிரோஷன் இதாலதான் போனவன் எண்டு சொல்லுங்கோ. கலியாணம் நிண்டால் நிக்கட்டும்." இவ்வளவு காலம் வாய்க்குள் வைத்திருந்ததை அந்தப் படியில் நின்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்சிகாவும் திரும்பிப் பார்த்தாள்.

ரஞ்சினி என் கையை விட்டாள். "நீங்கள் அண்டைக்கு இப்பிடிச் சத்தம் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். தை வந்து போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததாம், படத்தை யாரோ காட்டினார்கள். நல்ல உயரமான பிள்ளை. மாலை பிடித்த விரல்கள் நீளம். யாராவது அவளிடம் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. சட்டப்படி நான் கேட்கவும் கூடாது.